அருளம்பலத்தின் முதுகு

எழுபத்தாறாம் ஆண்டு சம்பூரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், மற்றவன் அருளம்பலம். எங்களுக்கு முன்னர் ஊரில் ஒருவரும் அந்தப் படியை மிதித்ததில்லை. மூதூர் இறங்குதுறையில் நாங்கள் லோஞ்சுப் படகில் ஏறிய அன்று வழியனுப்ப ஊரே வந்து நின்றது. எனக்குப் பொருளியல் கிடைத்திருந்தது. "பொருளியல் எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டார்கள். நான் விளக்கினேன். விளங்காமலே மரியாதையாகத் தலையாட்டினார்கள். அருளம்பலத்திடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் படிக்கப் போவது நடனம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

லோஞ்சின் கயிற்றை அவிழ்த்த ஸஹாப்தீன் காக்கா கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்ன, ஆடுறதுக்கும் கம்பஸோ? உங்கட கூத்துக் களரியில ஆடினது காணாதாமோ?"

"இங்க பொம்பிளையா ஆடினவர் காக்கா. அங்க போய் ஆம்பிளையா ஆடப் பழகப் போறார்!" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான். லோஞ்சு நடுக்கடலுக்குப் போகுமட்டும் அந்தச் சிரிப்பு எங்கள் பின்னாலேயே வந்தது.

அவன் சொன்னது பொய்யுமில்லை. எங்கள் கூத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். பதினாறு வயதிலிருந்து அருளம்பலம் அரசி வேடம் கட்டினான். அவன் வரவுத்தரு என்கிற வரவுப் பாட்டைப் பாடி ஆடிக்கொண்டு களரிக்குள் ஏறினால் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றுவிடும். ஆனால் மறுநாள் காலையில் அதே வாய்கள்தான் அவனைக் கிணற்றடியில் "மகாராணி, தண்ணி அள்ளட்டோ?" என்று கேட்கும்.

கேட்டவர்களை அவன் பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்த வேண்டிய ஒருவர் இருந்தார். அவனுடைய தாய்மாமன் இரத்தினசிங்கம். ஊரில் பெரிய பட்டிக்காரர். பட்டி என்றால் மாடுகள். குறி சுட்ட மாடுகள் ஆற்றங்கரை வரையும் மேய்ந்து திரியும். கூத்துக் களரியை ஒவ்வொரு வருடமும் போடுவதும் அவர்தான். அவருடைய ஒரே மகள் குணேஸ்வரி. முறைப்படி அருளம்பலத்துக்கு மச்சாள். சிறு வயதிலிருந்தே அவனுக்கு என்று பேச்சு.

கம்பஸுக்குப் போவதற்கு முந்திய வாரம் மாமன் அவனைக் கூப்பிட்டார். நானும் போயிருந்தேன். முற்றத்தில் தயிர்ச் சட்டிகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டே கதைத்தார்.

"பெட்டையைத் தரமாட்டன் எண்டு நான் சொல்லேல்ல, மருமோன். ஊர் என்ன கதைக்குது? இரத்தினசிங்கத்தின்ரை மருமோன் சீலை உடுக்கிறவன் எண்டு கதைக்குது. எனக்கு அது வேண்டாம். நீ போய்ப் படி. பட்டத்தை எடு. எடுத்துக்கொண்டு வந்து எங்கட களரியில, ஊருக்கு முன்னால, ஆம்பிளையா ஒருக்கா ஆடிக் காட்டு. ஊர் வாயைப் பொத்தினால் அந்தக் கிழமையே தாலி."

"ஓம் மாமா."

குசினி யன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மச்சான், ஆம்பிளை ஆட்டத்துக்கு மீசை ஒட்டுறதோ, வளர்க்கிறதோ?"

அது குணேஸ்வரி. அவளுடைய வாய் அப்படித்தான். கத்தி மாதிரி. அந்த வாய்க்காகத்தான் அவனுக்கு அவளில் விருப்பம் என்று லோஞ்சில் வைத்து என்னிடம் சொன்னான். "வளர்க்கிறன் எண்டு சொல்லியிருக்கலாம், வாய் வரேல்ல மச்சான்," என்று தனியே சிரித்தான்.

பட்டமும் குணேஸ்வரியும் ஆக இரண்டு. இரண்டுக்கும் வழி நடனம். அவன் வேறொன்றும் கேட்டுப் போகவில்லை.

கம்பஸ் வடக்கே இருந்தது. நடனப் பிரிவில் அவனுடைய வகுப்பு முழுக்கப் பெண் பிள்ளைகள். இவன் ஒருவன்தான் ஆண். படிப்பித்தவர் இராசமலர் ரீச்சர். மெலிந்த உடம்பு, முகத்தில் சிரிப்பு இல்லை, மதராசில் வருடக்கணக்காக நடனம் பயின்றவர். கைகள் குச்சி மாதிரி இருக்கும். அந்தக் கைகளைப் பற்றிப் பிறகும் சொல்ல வேண்டி வரும்.

முதல் கிழமையே அவனுடைய கோளாறு வெளியே வந்துவிட்டது. கூத்து ஆடியவனுடைய உடம்புக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. எங்கள் களரி வட்டம். மண்ணைக் குவித்து உயர்த்தி, நாலு பக்கமும் சனம் இருக்கும். ஒரு பக்கம் ஆடி முடித்தால் அடுத்த பக்கம் திரும்பி ஆட வேண்டும். திரும்பாவிட்டால் அந்தப் பக்கத்துச் சனம், "எங்களுக்கென்ன கண் இல்லையோ?" என்று சண்டைக்கு வரும். அருளம்பலத்தின் கால்கள் அப்படியே பழகியிருந்தன. நடன வகுப்பிலோ முன்னுக்கு ரீச்சர், அவருக்குப் பின்னால் சுவாமி படம். அவ்வளவுதான் உலகம். அடவு முடிய எல்லாரும் முன்னுக்கு நிற்க, இவன் மட்டும் தன்னையறியாமல் வலப்பக்கம் திரும்பி, பிறகு பின்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டார் ரீச்சர்.

"அந்தப் பக்கத்துக்கும் ஆடினனான் ரீச்சர்."

"அந்தப் பக்கத்தில ஆர் இருக்கினம்?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஒருத்தரும் இல்லை ரீச்சர்."

"இங்க நான் இருக்கிறன். எனக்கு முதுகைக் காட்டினீர். சுழலலாம், அது வேறை. சபைக்கு முதுகைக் காட்டி நிக்கிறது மாட்டுத் தொழுவத்தில. விளங்கிச்சுதோ?"

விளங்கிற்று அவனுக்கு. கால்களுக்கு விளங்கவில்லை. மூன்றாவது நாள் தடி பறந்து வந்தது. தாளத்துக்காகப் பலகையில் தட்டுகிற சிறு தடி அது. தட்டுக்கழி என்பார்கள். அவன் எப்போது முதுகைக் காட்டி நிற்கிறானோ அப்போது அது அவனுடைய முதுகுக்குப் போகும். ஆண் பிள்ளை என்பதால் வேட்டியை இறுக்கிக் கட்டி வெறும் மேலோடுதான் பயிற்சி. தடியின் ஒரு முனை வெடித்துச் சிராம்பு கிளம்பியிருந்தது. அதை மாற்றும்படி ஒரு பிள்ளை சொன்னபோது ரீச்சர், "இது அவருக்கெண்டே வைச்சிருக்கிறன்," என்றார். ஒவ்வொரு எறிக்கும் பிறகு தடியைப் பொறுக்கி இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் அவன்தான் செய்ய வேண்டும். சில நாள் எறிதல் போதாது என்று பட்டால் எழுந்து வந்து அடிப்பார்.

பிள்ளைகள் அவனுக்குச் செக்கு என்று பெயர் வைத்தார்கள். சுற்றிச் சுற்றி வருவதால். சாப்பாட்டுக் கூடத்தில், "செக்கு வருது, எண்ணெய் எடுங்கோடி," என்பார்கள்.

விடுதியில் அவனுடைய முதுகுக்கு எண்ணெய் பூசியவன் நான். சிராம்பு கிழித்த இடம் ஆறுவதற்குள் அதன்மேல் அடுத்தது விழும். ஆறியவை கறுத்துத் தடித்துப் புழு மாதிரிக் கிடந்தன.

"நீ ஏன் வாய் திறந்து கேக்கிறாயில்லை?" என்று ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது.

"என்னத்தைக் கேக்கிறது மச்சான்? எறியிறது அவ. திரும்புறது நான்."

"விட்டுப்போட்டு வேறை பாடத்துக்கு மாறன்."

"மாறினால் மாமா பெட்டையைக் கப்பல்துறை ஊரில ஆருக்கும் குடுத்துப்போடுவார். கலியாணக் கதை வந்தது, தெரியுமோ? நீ எண்ணெயைப் பூசு."

இரண்டாம் வருடம் நடுவில் அவன் திரும்புவது நின்றுவிட்டது. சுழன்றாலும் பம்பரம் மாதிரி முன்னுக்கே வந்து நின்றான். தடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. சுழலும்போது முதுகு முன்பக்கம் போகும் அந்த ஒரு கணத்தில் வலத் தோள் வெடுக்கென்று மேலே துள்ளும். தடி வருகிறது என்று தோளுக்கு நினைவு. அதற்கு ரீச்சர் தடியை எடுக்கவில்லை. "தோளைக் கவனியும்," என்று இரண்டொரு தரம் சொன்னதோடு சரி.

எழுத்துப் பாடத்திலும் அவன் கெட்டிக்காரனாகிவிட்டான். தஞ்சாவூர்ப் பாணி எது, பந்தநல்லூர்ப் பாணி எது, எதில் அரைமண்டி எவ்வளவு தாழும், எதில் கை எங்கே நீளும் என்று ஆடுகிறவரின் நடையை வைத்தே சொல்லுவான். ஒரு தவணை வினாத்தாளில் கிராமிய ஆடலின் குறைபாடுகளை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். முகப்பு இல்லை, ஒழுங்கு இல்லை, அங்க சுத்தம் இல்லை, ஆடுகிறவனுக்குச் சபை எது என்று தெரியாது என்று பக்கம் பக்கமாக எழுதினான். வகுப்பில் முதற் புள்ளி அவனுக்கு. ரீச்சர் அதை மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். நான் வாங்கி வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

எண்பதாம் ஆண்டு இறுதிப் பரீட்சை வந்தது. அந்தப் பிரிவில் ஒரு முறை இருந்தது. கடைசிச் செய்முறைப் பரீட்சையை மாணவர் தம் சொந்த ஊரில், ஊர்ச் சபைக்கு முன்னால் ஆட வேண்டும். ரீச்சர் பாட்டுக்காரர்களோடு வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அருளம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாமன் கேட்டதும் கம்பஸ் கேட்டதும் ஒரே நாளில் முடியப் போகிறது. அவர் களரி என்றார், இவர்கள் சபை என்கிறார்கள். பட்டமும் பெண்ணும் ஒரே ஆட்டத்தில்.

நான்தான் முதலில் ஊருக்குப் போனேன். என்னிடம் சொல்லிவிட்டான். "களரி வேண்டாம் எண்டு மாமாவிட்டைச் சொல்லு மச்சான். பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையளை அடுக்கி ஒரு மேடை. ஒரு பக்கம் மட்டும் சனம். பின்னுக்கு ஒரு சீலை கட்டாயம். சீலையை மறந்திடாதை."

சீலை எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த நடனத்தில் ஆண்களுக்கு இடுப்புக்கு மேலே உடுப்பு இல்லை. பின்னுக்குச் சீலை கட்டிவிட்டால் அந்த முதுகைச் சீலை மட்டும்தான் பார்க்கும்.

மாமனிடம் போய்ச் சொன்னேன்.

"பின்னுக்குச் சீலை கட்டினால், சீலைக்குப் பின்னால இருக்கிற சனம் என்ன செய்யிறது?"

"அங்க ஒருத்தரும் இருக்கமாட்டினம் மாமா. எல்லாரும் முன்னுக்கு."

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. கிழக்குப் பக்கம் எங்கட பொம்பிளையளின்ரை இடம். என்ரை தாய் இருந்த இடம். அவையை எழும்பி ஆம்பிளையளுக்குப் பின்னால போய்க் குந்துங்கோ எண்டு நான் சொல்ல ஏலுமோ? வடக்கில இருக்கிறவன் நாளைக்கு என்ரை வீட்டுக் கலியாணத்துக்கு வருவானோ? அவன் ஆடட்டும். நான் வழக்கம்போலக் களரி போடுறன். வாற ரீச்சரம்மாவுக்கு மேற்கில கதிரை போடுவிக்கிறன். குறையில்லை."

அது மரியாதைக்குச் செய்த காரியம். மற்ற வருடங்களைவிட ஒரு முழம் உயர்த்தி மண் குவித்தார். சுற்றிவரக் கமுகஞ் சலாகை நட்டு வெள்ளைத் துணித் தோரணம் கட்டினார். பந்தல் மட்டும் இல்லை. பகல் ஆட்டம் எங்கள் ஊரில் இல்லாதபடியால் வெயிலை ஒருவரும் நினைக்கவில்லை. கடைசி லோஞ்சுக்கு ரீச்சர் திரும்ப வேண்டும் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம்.

அருளம்பலம் வந்து களரியைப் பார்த்தான். சுற்றி ஒருதரம் நடந்தான். என்னை ஏசவில்லை.

"வட்டமாப் போட்டிருக்கிறார்," என்றான்.

"சொல்லிப் பாத்தனான்."

"அவருக்கு விளங்காது. எனக்கும் அப்ப விளங்கியிருக்காது."

ஆட்டத்தன்று காலை ரீச்சர் வந்து இறங்கியதும் அவன் அவரிடம் போனான். நான் இளநீர் வெட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ரீச்சர், மேலுக்கு ஒரு சால்வை போடட்டோ? நாலு பக்கமும் சனம் இருக்கும்."

"சால்வை அடவுக்குத் தடை."

"முதுகு தெரியும் ரீச்சர்."

அவர் இளநீரைக் குடித்து முடித்தார். "உமக்கு வெட்கமோ? எனக்கு வெட்கமில்லை. நான் படிப்பிச்சது அது. நீர் பாட்டுக்கு எனக்கு முன்னுக்கு ஆடும். மற்றப் பக்கங்களைப் பற்றி உமக்கென்ன? திரும்பினீரெண்டால் புள்ளி இல்லை. இங்கையெண்டு நான் இரங்கமாட்டன்."

ஆகவே சந்தனம். கோவிலில் வாங்கி வந்து முதுகு நிறையத் தடிப்பாக அப்பினேன். தோள் தொடக்கம் இடுப்பு வரைக்கும் மஞ்சளாகக் காய்ந்து சுவர் மாதிரி வந்தது. தழும்பு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாக் கிடக்கு," என்றேன். "நல்லாத்தான் கிடக்கும், நிழலில," என்றான்.

இரண்டு மணிக்குக் களரி மண் கொதித்தது. வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தார்கள். சலங்கை கட்டிக்கொண்டு அவன் ஏறினான். மீசை வளர்த்திருந்தான். நிமிர்ந்த நெஞ்சு, நாலு வருடம் அரைமண்டியில் இருந்து இறுகிய தொடைகள். ஊர் ஒரு கணம் வாயடைத்துப் போனது உண்மை. மேற்கில் கதிரையில் ரீச்சர். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் மாமன், சால்வையோடு. கிழக்கில் பாய் விரித்துப் பெண்கள். முன்வரிசையில் குணேஸ்வரி. நான் கிழக்கு மூலையில், சலாகையைப் பிடித்துக்கொண்டு.

முதல் உருப்படியான அலாரிப்பு முடிந்தது. மாமனுடைய முகத்தில் பெருமை. கதிரைக் கையில் தாளம் போட்டார். வடக்கிலும் தெற்கிலும் இருந்தவர்களுக்குப் பாதி முகம் தெரிந்தது, பொறுத்துக்கொண்டார்கள். கிழக்கில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இஞ்சாலையும் ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோவன். எங்களுக்கு முதுகுதானோ?" என்றாள் ஒரு கிழவி.

"கொஞ்சம் பொறு ஆச்சி. மற்றத் தருவுக்குத் திரும்புவான்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

திரும்பவில்லை. வர்ணம் தொடங்கிற்று. நீண்ட உருப்படி அது. வெயில் உச்சியிலிருந்து கொளுத்திற்று. முதலில் தோளடியில் சந்தனம் வெடித்தது. பிறகு வியர்வை அதைக் கரைத்து முள்ளந்தண்டு வழியாக மஞ்சள் ஓடையாகக் கொண்டுபோய் வேட்டியில் விட்டது. ஓடை போன வழியில் ஒவ்வொன்றாகக் கறுப்புத் தழும்புகள் எழுந்தன. கிழக்குப் பக்கத்தில் கதை நின்றுவிட்டது. கிழவி எழுந்து கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"அதென்னடி அது?"

அப்போதுதான் குணேஸ்வரியின் குரல் கேட்டது. பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் மேலாக, தெளிவாக, முற்றத்தில் மாடு பார்ப்பவள் மாதிரி.

"இது ஆரின்ரை பட்டிக்குறி, மச்சான்?"

கிழக்குப் பக்கம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. குறி என்றால் எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மாட்டின் தொடையில் சுடுவது. சிரிப்பு அப்படியே வடக்கே போயிற்று, தெற்கே போயிற்று. என்னவென்று தெரியாமலே மேற்கிலும் சிலர் சிரித்தார்கள்.

அவன் கேட்டான். நான் அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரி சிவந்தது. ஆனாலும் இன்னும் ஒரு ஆவர்த்தனம் முன்னுக்கே ஆடினான். ரீச்சரைப் பார்த்து.

பிறகு திரும்பினான்.

சுழலவில்லை. கூத்தில் திரும்புவது மாதிரி, கால் எடுத்து வைத்து, முழு உடம்போடு, கிழக்கே திரும்பி நின்றான். நேரே குணேஸ்வரிக்கு முன்னால். முதுகு கதிரைகளுக்குப் போன அந்தக் கணத்தில் வலத் தோள் வெடுக்கென்று துள்ளிற்று. பிறகு ஆடினான். நான் பொருளியல்காரன், நடனத்தை எடைபோட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாலு வருடத்தில் அவன் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. படித்த அடவுகள் எல்லாம் இருந்தன, ஒன்றும் பிசகவில்லை. ஆனால் நாலு திக்குக்கும் போயின. கிழக்கு எழுந்து நின்றது. வடக்கில் விசில் அடித்தார்கள். குணேஸ்வரியின் சிரிப்பு நின்று வாய் சற்றே திறந்திருந்தது. வென்றுவிட்டான் என்று நினைத்தேன்.

மேற்கில் ரீச்சர் கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. மிருதங்கம் நின்றது. கையிலிருந்த பேனையை மூடினார்.

மாமன் அதைக் கவனிக்கவில்லை. அவர் அப்போதுதான் மருமகனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெஞ்சும் மீசையும்தான்.

"இதென்ன இது?" என்று ரீச்சரைக் கேட்டார்.

"பாடம். படிச்சவர். இண்டைக்கு மறந்துபோனார்."

"ஆர் அடிச்சது?"

"நான்தான்."

மாமன் அவருடைய கைகளைப் பார்த்தார். குச்சி மாதிரி இருந்த இரண்டு கைகளையும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும், சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"இந்தக் கையாலயோ?"

"ஓம்."

மாமன் எழுந்தார். களரியில் சலங்கைச் சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு இல்லாமலே அருளம்பலம் தெற்குப் பக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான்.

"காணும், நிப்பாட்டு!"

நின்றான்.

"பெரிய ஒரு ஆம்பிளை அடிச்சிருந்தால் நான் விளங்கியிருப்பன்," என்றார் மாமன். ஊருக்குக் கேட்கத்தான் சொன்னார். "நாலு பேர் பிடிச்சு வைச்சு அடிச்சிருந்தாலும் விளங்கியிருப்பன். இந்த அம்மா தள்ளினால் விழுற மாதிரி இருக்கிறா. இவவின்ரை தடிக்கு நாலு வருசம் முதுகைக் குடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய். பிடிச்சு முறிச்சு எறிஞ்சிருக்கலாம். வீட்டை வந்திருக்கலாம். ஆம்பிளையா ஆடு எண்டு சொன்னனே, இதுவோ ஆட்டம்? சீலை உடுத்துக்கொண்டு ஆடேக்க எண்டாலும் முதுகு சுத்தமாக் கிடந்தது."

"மாமா, பட்டத்துக்காக... நீங்கள் கேட்ட..."

"பட்டம் எங்க? ரீச்சரம்மா, பட்டம் குடுக்கிறியளோ?"

"சபைக்கு முதுகு காட்டினவருக்குப் புள்ளி இல்லை," என்றார் ரீச்சர். "காலமை சொன்னனான்."

"கேட்டியோ?" என்றார் மாமன்.

அருளம்பலம் மாமனைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தான். அவளிடமிருந்து ஒரு சொல் வரும் என்று பார்த்தான். வந்தது.

"விடுங்கோ ஐயா," என்றாள் குணேஸ்வரி. "குறி சுட்டது சுட்டாச்சு. பட்டியில ஒண்டு கூடினால் நட்டமோ?"

களரியைச் சுற்றி மறுபடியும் சிரிப்பு. அவனைக் காப்பாற்றத்தான், தகப்பனைச் சிரிக்க வைத்து இறங்க வைக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்று பின்னாளில் சில பெண்கள் சொன்னார்கள். நான் அவளுக்குத் தூரத்தில் நின்றவனல்ல. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. தகப்பன் சிரிக்கவுமில்லை. "என்ரை பட்டிக்குள்ள வேற ஆக்களின்ரை குறி நிக்காது," என்று சொல்லிவிட்டுச் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

லோஞ்சுக்கு நேரமாயிற்று. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மாமனே ரீச்சரைத் தம் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கதிரை போட்டு இருத்தி மூதூருக்குக் கொண்டுபோனார். இரண்டு சட்டி தயிரும் ஒரு குலை கதலியும் ஏற்றினார். "வெயிலுக்குள்ள கஷ்டப்பட்டுப் போனியள்," என்றார். "தயிர் நல்ல கட்டி," என்றார் ரீச்சர். துறை வரைக்கும் இருவரும் மழையைப் பற்றியும் பிள்ளைகள் இக்காலத்தில் சொல்வழி கேட்பதில்லை என்பதைப் பற்றியும் கதைத்துக்கொண்டு போனார்களாம். மெசினை ஓட்டினவன் சொன்னான்.

அருளம்பலம் களரியில் இருந்து சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மண் சேறாகிச் சலங்கைக்குள் போய் இறுகியிருந்தது.

"அடுத்த வருசம் திரும்ப எடுக்கலாம்," என்றேன். "ரீச்சர் ஏற முந்தி விசாரிச்சனான். மேடையில ஆடினால் சரி."

"ஆருக்கு மச்சான்?" என்றான்.

அவன் திரும்பக் கம்பஸுக்குப் போகவில்லை. குணேஸ்வரியை அந்த ஆவணியில் கப்பல்துறையில் கட்டிக் கொடுத்தார்கள். சம்பூரிலிருந்து இரண்டு பேர் போனோம், பட்டத்தோடு வந்தவன் நான் ஒருவன்தான். இப்போது பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில், அரசாங்க உத்தியோகத்தர் விடுதியில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் எழுந்து நின்று கதிரை தருகிறார்கள்.

அருளம்பலம் ஊரில்தான். மாமனுடைய வயலில் வேலை. கிணற்றடியில் சட்டையைக் கழற்றாமலே குளிப்பான். அதற்குப் பலன் இல்லை. எல்லாரும் பார்த்ததுதானே. மகாராணி போய், குறி என்ற பெயர் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில், "குறிக்கு ஒரு பிளேன்ரீ," என்பார்கள். அவன் வாங்கிக் குடிப்பான்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு மாமன் ஆளனுப்பினார். "பெண் வேசத்துக்கு ஆளில்லை. மேல் மூடித்தானே கிடக்கும், ஒண்டும் தெரியாது. வரச் சொல்லு." இரக்கத்தில்தான் கேட்டார். அவனும் போனான். சீலை உடுத்து, சட்டை போட்டு, அரசியாக வந்து நாலு திக்குக்கும் ஆடினான். திரும்பினான். ஆனால் மேற்கில் கதிரைகள் இருந்த பக்கத்துக்கு முதுகு போகும் ஒவ்வொரு முறையும் வலத் தோள் வெடுக்கென்று துள்ளிற்று. அரசி அழுது பாடுகிற இடம். தோள் துள்ளத் துள்ளச் சனம் சிரித்தது. அடுத்த முறை அவன் திரும்பும்போது எவனோ ஒருவன், "தடி வருது!" என்று கத்தினான். அவன் இரண்டு மடங்கு துள்ளினான். அன்றைய கூத்தில் சனம் ஆகக் கூடுதலாக இரசித்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு அரசி வேடம் இல்லை. கோமாளி வேடம். இரண்டு வருடமாக அதுதான். அவன் ஏறினதும் நாலு பக்கத்திலிருந்தும், "தடி வருது, தடி வருது!" என்று கத்துவார்கள். சில பேர் வாழைத்தண்டு, பூவரசங் கம்பு என்று எறியவும் செய்வார்கள். கிண்ணியாவிலிருந்தெல்லாம் அதைப் பார்க்க வருகிறார்கள் என்று மாமன் பெருமையாகச் சொன்னார்.

போன வருடம் நான் மேற்கில், கதிரையில் இருந்து பார்த்தேன். இப்போது எனக்கு அங்கேதான் இடம். கிழக்கில் குணேஸ்வரி புருஷனோடு வந்திருந்தாள், மடியில் குழந்தை. அவன் கிழக்கே திரும்பி அவளுக்கு முன்னால் போய் நின்றான். குழந்தையின் கையில் ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து, "எறியடா, மாமாவுக்கு எறி," என்றாள். குழந்தை எறிந்தது. குச்சி அவனுடைய காலடிக்கும் வரவில்லை. ஆனாலும் அவன் துள்ளினான். நான் கவனித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் அது தன்பாட்டில் வரும், தாளத்தைக் குழப்பும். இப்போது மத்தளத்தின் தீர்மான முத்தாய்ப்பில், விழ வேண்டிய அட்சரத்தில், கச்சிதமாக விழுகிறது. அதையும் பழகிவிட்டான்.